கிடங்கில் பிறந்த தாளம்

அமெரிக்காவின் சிகாகோ நகரில், தெற்கு ஜெஃபர்சன் தெருவில், 206 என்ற எண்ணுடைய மூன்று மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. தொழிற்கூடமாகவும் கிடங்காகவும் இருந்த சாதாரணக் கட்டடம். அதன் முகப்பில் நின்று பார்க்கத் தக்க சிற்பமோ வேலைப்பாடோ இல்லை. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிகாகோ நகர மன்றம் அதனைப் பாதுகாக்கப்பட வேண்டிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 1977 முதல் 1982 வரை அங்கே ‘வேர்ஹவுஸ்’ என்ற நடன விடுதி நடந்ததே காரணம். இன்று உலகெங்கும் ஒலிக்கும் ‘ஹவுஸ்’ இசைக்கு அந்த விடுதியின் பெயரின் பிற்பாதிதான் பெயராயிற்று என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. வேர்ஹவுஸில் ஒலிக்கும் பாட்டு வேண்டும் என்று இளைஞர்கள் இசைத்தட்டுக் கடைகளில் கேட்டுக் கேட்டுச் சொல் சுருங்கிப்போனது.

நம் ஊரில் டி.ஜே. என்றால் திருமண வரவேற்பில் காது கிழியப் பாட்டு வைக்கும் இளைஞர் என்றுதான் பொருள். அவர்மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை. ஆனால், பிறர் பாடிய பாட்டை ஒலிக்கச் செய்பவன் எப்படிக் கலைஞன் ஆவான் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், விளக்கத் தொடங்கி முடிக்க முடியாமல் போயிருக்கிறேன். இங்கே முயல்கிறேன்.

வேர்ஹவுஸை நடத்திய ராபர்ட் வில்லியம்ஸ் நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தவர். இசைத்தட்டு இயக்க முதலில் அவர் அழைத்தது லாரி லெவன் என்ற இளைஞரை. லெவன் நியூயார்க்கை விட்டு வர மறுத்துவிட்டார். அடுத்து லெவனின் நண்பரான ஃபிராங்கி நக்கில்ஸை அழைத்தார், அவர் வந்தார். நக்கில்ஸுக்கு அப்போது வயது 22. நியூயார்க்கிலேயே தங்கிய லெவன் ‘பாரடைஸ் கராஜ்’ என்ற விடுதியில் பத்தாண்டுகள் கோலோச்சினார். அங்கும் சரி, வேர்ஹவுஸிலும் சரி, மது விற்கப்படவில்லை என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். பழச்சாறும் தண்ணீரும்தான். சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பகல்வரை நீளும்.

யார் வந்தார்கள்? பெரும்பாலும் கருப்பின இளைஞர்கள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். அவர்களிலும் பலர் தன்பாலீர்ப்பாளர்கள். நிறத்தால் வெள்ளையரின் விடுதிகளிலும், இயல்பால் சொந்த வீட்டிலும் தேவாலயத்திலும் இடம் மறுக்கப்பட்டவர்கள். அங்கே பிறந்த இசையில் தேவாலயப் பாடலின் சாயல் இருப்பது தற்செயலன்று. வெளியேற்றப்பட்டவர்கள் தங்கள் குரலைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் வெளியேறினார்கள்.

இந்த இடத்தில் 1979ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஒரு விளம்பர நிகழ்ச்சி. டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு நுழைவுச் சீட்டு. குவிந்த தட்டுகளை மைதானத்தின் நடுவே வெடிவைத்துத் தகர்ப்பார்கள். வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் முன்னின்று நடத்தினார். வெடித்ததும் ஆயிரக்கணக்கானோர் களத்துக்குள் பாய்ந்தனர், கலவரமாயிற்று, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. வெறும் கேளிக்கை என்று நடத்தியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அன்று மைதானத்தில் பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்தவர் வின்ஸ் லாரன்ஸ் என்ற கருப்பினச் சிறுவன். மக்கள் கொண்டுவந்தவற்றில் பல டிஸ்கோவே அல்ல, கருப்பினத்தவர் பாடிய ஏதோ ஒரு தட்டு, அவ்வளவுதான் என்று அவர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். நான் லாரன்ஸின் கண்ணையே நம்புகிறேன். ஐந்தாண்டுகள் கழித்து, ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட ‘ஆன் அண்ட் ஆன்’ என்ற தட்டின் உருவாக்கத்தில் அதே லாரன்ஸ் பங்குகொண்டார். முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலரும் குறிப்பிடுவது அதைத்தான்.

டிஸ்கோ அலை ஓய்ந்தபின் பெரிய இசை நிறுவனங்கள் அவ்வகைத் தட்டுகளை வெளியிடுவதைக் குறைத்துக்கொண்டன. ஆட வருபவர்கள் குறையவில்லை. புதிய தட்டுகள்தாம் குறைந்தன. நக்கில்ஸ் பழைய தட்டுகளை நாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்டி, தாளப் பகுதியை மட்டும் நீட்டித்துப் புதிய வடிவம் தந்தார். மூன்று நிமிடப் பாட்டு பத்து நிமிடப் பயணமாயிற்று. சில இரவுகளில் விளக்குகளை அணைத்துவிட்டு, ரயில் கடந்துபோகும் ஓசையை ஒலிபெருக்கிகளில் ஓடவிடுவார். இருளில் ரயில் கூடத்துக்குள்ளேயே புகுந்ததுபோல இருக்குமாம்.

டி.ஜே.யின் கைத்திறன் இங்கேதான் வருகிறது. ஹவுஸ் இசையின் தாளம் மிக எளியது. நான்கு எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் ஒரு கனத்த முரசடி, இரண்டிலும் நான்கிலும் கைத்தட்டல், அடிகளுக்கு நடுவே மெல்லிய உலோகத் தட்டின் ஓசை. சதுசிர நடை என்று நம் மிருதங்க மாணவர் உடனே சொல்லிவிடுவார். வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடிகள். இரண்டு சுழலிகளில் இரண்டு தட்டுகள். ஒன்று அரங்குக்கு ஒலிக்கிறது, மற்றதை டி.ஜே. ஒரு காதில் மட்டும் கேட்கிறார். ஒலிப்பது 122 அடி, வரவிருப்பது 118 அடி என்றால், பின்னதை ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு வேகப்படுத்த வேண்டும். டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்.எல்.1200 மாடலில் அதற்கென ஒரு நகர்த்துகோல் உண்டு. எட்டு விழுக்காடு கூட்டலாம், குறைக்கலாம். கணக்குப் போட நேரம் கிடையாது, காதுதான் கணக்கு. இரண்டு முரசடிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் கணத்தைக் கண்டுபிடித்து, எட்டு, பதினாறு ஆவர்த்தங்களாக அமைந்த பாட்டின் வாக்கிய எல்லையில் புதியதை உள்ளே விட வேண்டும். அடி சற்றே விலகினால், கூடத்திலிருக்கும் அத்தனை கால்களும் அதை உணர்ந்துவிடும்.

இதுவும்கூடப் பழகினால் வந்துவிடும். வராதது அடுத்த பாட்டு எது என்ற தீர்ப்பு. பெட்டியில் நூறு தட்டுகள் இருக்கின்றன. கூட்டம் களைத்திருக்கிறதா, காத்திருக்கிறதா, ஓர் அழுகைக்கு அருகில் இருக்கிறதா என்று கண்டு எடுக்க வேண்டும். கச்சேரியின் நடுவில், எழுதிவைத்த பட்டியலை ஒதுக்கிவிட்டு, சபையின் முகம் பார்த்து ராகத்தைத் தேர்ந்தெடுக்கும் பாடகரை நாம் வியக்கிறோம் அல்லவா? அந்த வியப்பில் ஒரு பங்கு இவர்களுக்கும் உரியது.

1982இன் இறுதியில் நக்கில்ஸ் வேர்ஹவுஸை விட்டு விலகி ‘பவர் பிளான்ட்’ என்ற சொந்த விடுதியைத் தொடங்கினார். வில்லியம்ஸ் தன் புதிய விடுதிக்கு ‘மியூசிக் பாக்ஸ்’ எனப் பெயரிட்டு, ரான் ஹார்டியை அமர்த்தினார். நக்கில்ஸ் நிதானம், ஹார்டி நெருப்பு. தட்டுகளை வேகமாக ஓட்டுவார். நாடாவைத் தலைகீழாகக்கூட ஓடவிடுவார்.

இதே காலத்தில் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் தயாரித்த மின்னணுத் தாளக் கருவிகள் அடகுக் கடைகளுக்கும் பழைய பொருள் கடைகளுக்கும் வரத் தொடங்கின. அவற்றுள் டி.பி.303 என்ற சிறு பெட்டியின் கதை சுவையானது. தனியாகக் கிட்டார் பழகுபவருக்குத் துணையாக பேஸ் வாசிக்கும் என்று சொல்லி விற்கப்பட்டது; உண்மையான பேஸ் கிட்டார் போல அது ஒலிக்கவே இல்லை; 1984இல் தயாரிப்பு நின்றது. மலிவாகக் கிடைத்த அதனை வாங்கிய சிகாகோ இளைஞர்கள் சிலர், ஓசை வாசிக்கப்படும்போதே அதன் திருகுகளைத் திருகிப் பார்த்தனர். குழைந்து, நெளிந்து, கீச்சிடும் ஒலி எழுந்தது. ‘ஃபியூச்சர்’ என்ற பெயரில் டி.ஜே. பியரும் நண்பர்களும் பதிந்த அந்த நாடாவை ஹார்டி ஒரே இரவில் நான்கு முறை ஒலிக்கச் செய்தார். முதல் முறை தளம் காலியானது. நான்காவது முறை கூட்டம் வெறிகொண்டது என்பது பியர் சொல்லும் கதை. 1987இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்று அது தட்டாக வந்தது.

இந்தியர் ஒருவர் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே இதைச் செய்துவிட்டார் என்று அவ்வப்போது ஒரு செய்தி சுற்றுகிறது. மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982இல் டி.பி.303, டி.ஆர்.808 கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களைத் தாளத்தோடு பதிந்து வெளியிட்டது உண்மை. கேட்டால் வியப்பு குறையாது. ஆனால், அது அன்று விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவரது தனித்த மேதைமையைப் போற்றலாம். ‘நாமே முதல்’ என்று மார்தட்டுவது எனக்கு உவப்பானதன்று. ஹவுஸ் ஒரு தனி மனிதரின் கண்டுபிடிப்பு அல்ல. அதற்கு ஆட ஒரு கூட்டம் தேவைப்பட்டது.

சொந்த நகரத்தில் ஓரத்தில் கிடந்த இந்த இசையைக் கடல் கடந்த பிரிட்டன் உச்சத்தில் ஏற்றியது. 1987 ஜனவரியில் ஸ்டீவ் ‘சில்க்’ ஹர்லியின் ‘ஜாக் யுவர் பாடி’ பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. நான் நெசவுத் தொழில்நுட்பம் படிக்க கோவையிலிருந்து மான்செஸ்டருக்குப் போனது 1989 இலையுதிர்காலத்தில். தென்னிந்தியாவின் மான்செஸ்டரிலிருந்து அசல் மான்செஸ்டருக்கு என்று வீட்டில் கேலி பேசி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் ஆலைகள் மூடிக்கிடந்தன. பஞ்சுக் கிடங்குகளின் உடைந்த சன்னல்களில் புறாக்கள் குடியிருந்தன. விட்வொர்த் தெருவில் அப்படியொரு பழைய கூடத்தில்தான் ‘ஹசியெண்டா’ விடுதி. ஃபேக்டரி இசைத்தட்டு நிறுவனமும் நியூ ஆர்டர் குழுவினரும் 1982இல் தொடங்கியது.

உடன் படித்த வங்கதேச நண்பர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அழைத்துப் போனார். உயர்ந்த கூரை; இரும்புத் தூண்களில் தொழிற்சாலை எச்சரிக்கைப் பலகை போல மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள். பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தக் கூடம் அந்நியமாகத் தோன்றவே இல்லை. முதலில் ஒன்று விளங்கவில்லை: எல்லோரும் எதைப் பார்த்து ஆடுகிறார்கள்? மேடையில் யாருமில்லை. டி.ஜே. மேல்மாடத்தில், கண்ணில் படாத ஒரு கூண்டுக்குள் இருந்தார். மக்கள் ஒருவரையொருவர் பார்த்து ஆடிக்கொண்டிருந்தனர். கதாநாயகன் இல்லாத ஒரு கேளிக்கையை நான் அதற்குமுன் கண்டதில்லை.

பகலில் அந்நகரத்தின் சில தெருக்களில் எங்களைப் போன்ற நிறத்தினர் எதிர்ப்புறம் மாறி நடப்பது வழக்கம். அந்தக் கூடத்தில், என் பெயரை உச்சரிக்கத் தெரியாத ஒருவர் தன் தண்ணீர்க் குவளையை என்னிடம் நீட்டினார். இதை மிகைப்படுத்த விரும்பவில்லை. வெளியே வந்ததும் தெரு அதே தெருதான். ஆயினும், அங்கே ஒலித்தவற்றுள் ‘வூடூ ரே’ என்ற தட்டை உருவாக்கிய ஜெரால்ட் சிம்ப்சன் அதே ஊரில் பிறந்த கருப்பின இளைஞர் என்று அறிந்தபோது, சிகாகோவிலிருந்து வந்தது வெறும் தாளம் அல்ல என்று தோன்றியது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாடுபவர்கள் சிலவற்றை விட்டுவிடுகிறார்கள். எக்ஸ்டசி என்ற போதை மாத்திரை அந்த மகிழ்ச்சியில் பெரும்பங்கு வகித்தது, உயிர்களையும் குடித்தது. மாத்திரை வணிகத்தைத் தேடிக் கும்பல்கள் வந்தன, துப்பாக்கிகள் வந்தன. 1991 ஜனவரியில் ஹசியெண்டா தானாகவே கதவடைத்து, சில மாதங்கள் கழித்தே திறந்தது. 1997இல் நிரந்தரமாக மூடப்பட்டது. பின்னர் இடிக்கப்பட்டு, அதே பெயரில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. 1994இல் பிரிட்டன் நாடாளுமன்றம் இயற்றிய குற்றவியல் சட்டம், திறந்தவெளிக் கூடுகைகளைக் கலைக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்கு அளித்தபோது, திரும்பத் திரும்ப ஒலிக்கும் அடிகளைக் கொண்ட ஓசையையே வரையறைக்குள் கொண்டுவந்தது. மாத்திரையை ஒடுக்கச் சட்டங்கள் முன்பே இருந்தன. தாளத்துக்கு எதற்குச் சட்டம் என்று நாங்கள் கேட்டோம். இன்றும் பொருத்தமான கேள்விதான்.

சிகாகோவில் நேர்ந்தது வேறு வகைத் துயரம். எய்ட்ஸ் நோய் அந்தத் தலைமுறையின் ஆடுகளத்திலிருந்து எண்ணற்றவர்களை எடுத்துக்கொண்டது. ஹார்டியும் லெவனும் 1992இல், நாற்பது வயதை எட்டாமலே மறைந்தனர். இசையைப் படைத்தவர்கள் பலருக்கு உரிமைத்தொகை முறையாகக் கிடைக்கவில்லை. பதின்பருவத்தினர் சொற்பத் தொகைக்குக் கையெழுத்திட்ட பாட்டுகள் லட்சக்கணக்கானோரை ஆட்டுவித்தன. ‘கேன் யூ ஃபீல் இட்’ என்ற அமைதியான அற்புதத்தைத் தந்த லாரி ஹெர்டும் பாடகர் ராபர்ட் ஓவன்ஸும் டிராக்ஸ் நிறுவனத்தின்மீது 2020இல் வழக்குத் தொடுத்தனர். 2022இல் உடன்பாடு ஏற்பட்டது. அவர்களது பாட்டுகள் வெளிவந்து முப்பதாண்டுகளுக்கும் மேலான பிறகு.

அதே 2022இல் பியான்சே ‘ரெனசான்ஸ்’ தொகுப்பை வெளியிட்டார். முழுக்க இந்த மரபின் மேல் கட்டப்பட்டது. அதற்கு கிராமி விருதும் கிட்டியது. என் மகள் அதைக் கேட்டுவிட்டு, புதுவகைப் பாட்டு என்றாள். நான் மறுத்துப் பேசாமல், ‘கேன் யூ ஃபீல் இட்’டை ஒலிக்கவிட்டேன். பாதியில் எழுந்து ஒலியைக் கூட்டினாள்.

நக்கில்ஸ் 2014 மார்ச் 31 அன்று காலமானார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஜெஃபர்சன் தெருவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரை நகரம் சூட்டியிருந்தது. அதற்கு முயன்றவர்களுள் அன்று மாநில செனட்டராக இருந்த பராக் ஒபாமாவும் ஒருவர். நக்கில்ஸ் சேர்த்துவைத்த ஆயிரக்கணக்கான இசைத்தட்டுகள் இப்போது சிகாகோவின் தெற்குப் பகுதியில், பழைய வங்கிக் கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து அமைத்த ‘ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்க்’ என்ற கலைக்கூடத்தில் இருக்கின்றன. கண்ணாடிக்குள் பூட்டிவைக்க அல்ல. எடுத்துச் சுழலவிட்டுக் கேட்பதற்காக.