வீட்டுக் கணினி யாருக்கு உழைக்கிறது?

2016ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி இரவு, சிங்கப்பூரில் ஸ்டார்ஹப் நிறுவனத்தின் இணையச் சேவையைப் பயன்படுத்திய பல வீடுகளில் இணையம் தடைபட்டது. 24ஆம் தேதி இரவும் அதே நிலை ஏற்பட்டது. இணையத்தள முகவரிகளைத் தேடித் தரும் கணினிகள்மீது ஒரே நேரத்தில் எண்ணற்ற கோரிக்கைகள் வந்து குவிந்ததே அதற்குக் காரணம். அவற்றை அனுப்பியவை எவை? வாடிக்கையாளர்களின் வீடுகளிலேயே இருந்த, நச்சுநிரல் தொற்றிய இணையக் கேமரா, ரௌட்டர் போன்ற சாதனங்கள்தாம்! தன் கையே தன் கண்ணைக் குத்தியது போன்ற இந்நிலையை உரிமையாளர்கள் அறிந்திருக்கவில்லை.

இவ்வாறு பிறர் கட்டுப்பாட்டுக்குள் சென்றுவிட்ட சாதனங்களின் கூட்டத்தை ‘பாட்நெட்’ என்பர். குப்பை மின்னஞ்சல் அனுப்புவோருக்கு இக்கூட்டம் பெரிதும் உதவுகிறது. லிட்டில் இந்தியாவின் பஃபலோ சாலையிலுள்ள எல்லா அஞ்சல் பெட்டிகளிலும் ஒரே ஆள் துண்டுப் பிரசுரங்களைத் திணித்தால் எளிதில் பிடிபடுவார். ஆயிரம் பேர் ஆளுக்கொன்றாகப் போட்டால் யாரைத் தடுப்பது? 2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் முடக்கப்பட்ட ‘ரஸ்டாக்’ என்னும் பாட்நெட்டில் ஏறத்தாழ 10 லட்சம் கணினிகள் சிக்கியிருந்தன. நாளொன்றுக்கு 3,000 கோடி குப்பை மின்னஞ்சல்களை அனுப்பும் திறன் அதற்கு இருந்ததாக மதிப்பிடப்பட்டது.

நச்சுநிரல் பெரும்பாலும் உரிமையாளரின் கையாலேயே உள்ளே நுழைகிறது. சந்தேகத்திற்குரிய மின்னஞ்சல் இணைப்பைத் திறப்பதும், திருட்டு மென்பொருளைப் பதிவிறக்குவதும் அதற்கு வழிவிடுகின்றன. ‘இலவசம்’ என்ற சொல்லும் ஒரு தூண்டில்தான். ‘911 எஸ்5’ என்னும் பாட்நெட் இலவச விபிஎன் செயலிகள் வழியாகப் பரவியது. அதில் உலகெங்கும் 1.9 கோடிக்கும் அதிகமான இணைய முகவரிகள் சிக்கியிருந்தன. அதை நடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் 2024ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் கைதானார்.

பாதிப்பை எப்படிக் கண்டறிவது? அனுப்பாத மின்னஞ்சல்கள் ‘சேரவில்லை’ என்று திரும்பி வந்தால் கவனம் தேவை. எனினும், அது மட்டுமே சான்றாகாது. மோசடிக்காரர் அனுப்புநர் முகவரியைப் போலியாக எழுதியிருக்கலாம். ‘அனுப்பப்பட்டவை’ பகுதியில் அந்த அஞ்சல்கள் இருந்தால், மறைச்சொல் களவு போயிருக்க வாய்ப்புண்டு. எவரும் பயன்படுத்தாத வேளையிலும் இணையத்தில் தரவு ஓடிக்கொண்டே இருந்தால், வீட்டிலுள்ள சாதனங்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். எதை அணைத்ததும் ஓட்டம் நிற்கிறதோ, அதன்மீதே முதலில் ஐயம் கொள்ள வேண்டும். விண்டோஸ் கணினியில் எந்த மென்பொருள் இணையத்தைப் பயன்படுத்துகிறது என்பதை ‘டாஸ்க் மேனேஜர்’ காட்டும்.

சரிசெய்வதில் வரிசைமுறை முக்கியம். முதலில், கணினியை இணையத்திலிருந்து துண்டிக்க வேண்டும். அடுத்து, முக்கியக் கோப்புகளைப் படியெடுத்துவிட்டு, நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளால் கணினி முழுவதையும் சோதிக்க வேண்டும். சில நச்சுநிரல்கள் விண்டோஸ் இயங்கும்போது ஒளிந்துகொள்ளும். ஆகையால், விண்டோஸ் இயங்கத் தொடங்குமுன் சோதிக்கும் வசதி ‘டிஃபெண்டர்’ மென்பொருளில் உள்ளது. அதிலும் தீராவிட்டால், இயங்குதளத்தை அழித்துப் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பானது. மறைச்சொற்களைப் பாதிக்கப்படாத வேறொரு சாதனத்திலிருந்தே மாற்ற வேண்டும். தொற்றிய கணினியில் தட்டச்சு செய்தால், புதிய மறைச்சொல்லும் களவு போகக்கூடும்.

ரௌட்டரையும் கேமராவையும் மறந்துவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய ‘மிராய்’ நச்சுநிரல், தயாரிப்பாளர்கள் வைத்த பொதுவான மறைச்சொற்களை முயன்று பார்த்தே சாதனங்களுக்குள் புகுந்தது. சாதனத்தை அணைத்து மீண்டும் இயக்கினால் அது அழிந்துவிடும். ஆனால், மறைச்சொல்லை மாற்றாவிட்டால் மறுபடியும் தொற்றிக்கொள்ளும். சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடப்புக்கு வந்த விதிமுறைகளின்படி, வீட்டு ரௌட்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மறைச்சொல் இருக்க வேண்டும். பழைய ரௌட்டரை வைத்திருப்போர் இம்மாற்றத்தைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும்.

ஒரு வீட்டின் பூச்சாடித் தட்டில் தேங்கிய நீர், புளோக் முழுவதற்கும் டெங்கியைக் கொண்டுவரலாம். அதனால்தான் அதைக் கவிழ்த்துவிடுவது ஒவ்வொரு வீட்டாரின் கடமையாகக் கருதப்படுகிறது. கணினியைத் தூய்மையாக வைத்திருப்பதும் அத்தகையதே. அது தன்னைக் காக்கும் செயல் மட்டுமன்று; அக்கம்பக்கத்தாரையும் காக்கும் செயலாகும்.