தரைக்கு அடியில் நிற்பது யார் தண்ணீர்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை வெயில் அடிக்கத் தொடங்கிய பிறகும் சென்னையில் பல வீடுகளில் ஈரம் வற்றுவதில்லை. லிஃப்ட் குழியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, தரைத்தளத்தில் டைல்ஸ் இடுக்கு வழியே நீர் கசிகிறது, சுவரின் அடியில் பெயிண்ட் உரிந்து வெள்ளையாக உப்புப் பூக்கிறது. உடனே வாட்டர்ப்ரூஃபிங் ஆளைக் கூப்பிடுகிறோம். அவரும் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, எதையோ பூசிவிட்டுப் போகிறார். அடுத்த ஐப்பசியில் பக்கத்து அறையில் ஓதம் ஏறுகிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பூசும் பூச்சு வீண் செலவு. அது தெரிந்தால்தான் செலவு யார் தலையில் என்பதும் தெரியும். தெருக் குழாய் உடைப்பு என்றால் குடிநீர் வாரியம், கட்டுமானக் குறை என்றால் பில்டர், பக்கத்து வீட்டுக் கழிவுநீர் என்றால் அந்த வீட்டுக்காரர். நிலத்தடி நீர் என்றால் நம் பணம்தான்.

தேடப் போகுமுன் மெயினை அணையுங்கள். சம்ப் மோட்டாரின் ஒயரோ லிஃப்ட் ஒயரோ நனைந்திருந்தால், அந்தத் தண்ணீரில் கால் வைப்பதே ஆபத்து. 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இறங்கிவிடாதீர்கள். இன்னொன்று: கழிவுநீர் சேம்பரிலோ செப்டிக் டேங்கிலோ எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்காதீர்கள். விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் மாட்டுவார். சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய 14420 என்ற எண்ணில் லாரிக்குச் சொல்லலாம்.

முதல் சந்தேகம் நம் சம்ப் மேலேயே விழட்டும். ராத்திரி அதை நிரப்பி, உள்ளே வரும் வால்வை மூடி, மோட்டாரைப் போடாமல் விடுங்கள். மூடி விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் எவ்வளவு கீழே என்று ஒரு குச்சியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் சம்ப்தான் ஒழுகுகிறது. அடுத்து அதைப் பாதியாக்கி இதையே செய்யுங்கள். மட்டம் ஏறியிருந்தால் கதை வேறு: வெளியே ஊறி நிற்கும் நீர் நீங்கள் குடிக்கும் தண்ணீருக்குள் வந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கே அந்தத் தண்ணீரைக் குடிக்கப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள்.

சம்ப் தேறிவிட்டால் தேங்கிய நீரை இறைத்துவிட்டு, எப்போது திரும்ப ஊறுகிறது என்று பாருங்கள். இதற்குக் கருவி வேண்டாம், பொறுமை போதும். தெருவில் குழாய்த் தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் ஏறினால் சந்தேகம் குடிநீர்க் குழாய் மேல். காலையில் எல்லோரும் குளித்து முடித்த பிறகு ஏறினால் கழிவுநீர்க் குழாய் மேல். நாள் முழுக்க ஒரே சீராக ஊறி, பக்கத்துக் கிணற்று மட்டமும் தரையை ஒட்டி நின்றால் நிலத்தடி நீர். கழிவுநீர்ச் சந்தேகத்தை உறுதி செய்ய, கேசரிப் பவுடரைக் கரைத்து ஒவ்வொரு கழிவறையிலும் வெவ்வேறு நாளில் ஊற்றிப் பாருங்கள். நிறம் எங்கே தலைகாட்டுகிறதோ அங்கே உடைப்பு. குடிநீர்க் குழாய்ச் சந்தேகத்துக்கு, கடையில் கிடைக்கும் குளோரின் சோதனைச் சொட்டுகளைத் தேங்கிய நீரில் விடலாம். மஞ்சளித்தால் அது பெரும்பாலும் குழாய்த் தண்ணீர். மஞ்சளிக்காவிட்டால் குழாய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மண்ணில் ஊறி வருவதற்குள் குளோரின் போய்விடும்.

குடிநீர்க் குழாய் உடைப்பை 'சுத்தமான தண்ணீர்தானே' என்று விடுகிறவர்கள் உண்டு. தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. அப்போது அதே ஓட்டை வழியே சாக்கடை நீர் குழாய்க்குள் போகும், அடுத்த முறை தண்ணீர் விடும்போது தெருவுக்கே பரவும். சென்னையில் குடிநீர் வாரியத்துக்கு 1916, மாநகராட்சிக்கு 1913. புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். பதில் இல்லையென்றால், அந்தத் தெருக் குழாய் கடைசியாக எப்போது பழுது பார்க்கப்பட்டது, உங்கள் புகார் மீது என்ன நடவடிக்கை என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுக் கிடைத்ததுமே ஆள் அனுப்பும் அலுவலகங்களும் உண்டு.

பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போகுமுன் ஒரு சங்கதி. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, மேட்டு நிலத்தில் பெய்த மழை இயல்பாகப் பள்ளத்துக்கு ஓடி வருவதைப் பள்ளத்துக்காரர் தடுக்க முடியாது. ஆனால் மொட்டை மாடித் தண்ணீரை ஒரு பைப்பில் சேர்த்து உங்கள் சுவர் ஓரம் விடுவது இயல்பான ஓட்டம் ஆகாது. கழிவுநீர் கசிவது சொல்லவே வேண்டாம். தேக்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு அடுத்தவர் நிலத்தைக் கெடுத்தால் தேக்கியவரே பொறுப்பு என்று இங்கிலாந்தில் 1868-இல் தீர்ப்பானது. 1874-இல் மதராஸ் ரயில்வே, கார்வேட்நகர் ஜமீனின் ஏரிகள் உடைத்துக்கொண்டதற்கு அதே வாதத்தை வைத்துத் தோற்றது. இந்த ஊருக்கு ஏரி அத்தியாவசியம், ஜமீனின் கவனக்குறைவைக் காட்டாமல் பொறுப்பாக்க முடியாது என்றது பிரிவி கவுன்சில். அதனால் கவனக்குறைவுக்கு ஆதாரம் முக்கியம். கேசரிப் பவுடர் சோதனையைத் தேதி தெரியும்படி வீடியோ எடுத்து வைப்பது அதற்குத்தான்.

புது அடுக்குமாடி என்றால் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் கைகொடுக்கும். சாவி வாங்கிய 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையை எழுத்தில் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம். வாய்வார்த்தையாகச் சொன்னது எடுபடாது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு, 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் கட்டடப் பழுதையும் குழாய் மாற்றுவதையும் வீட்டு உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர் மாதிரிச் சில்லறை வேலைகள்தான் குடியிருப்பவருக்கு.

எல்லாச் சோதனையும் நிலத்தடி நீரையே காட்டினால், மழைநீர் சேகரிப்புக் குழியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இது 2003 முதல் கட்டாயம். ஆனால் இடமில்லை என்று அதை அஸ்திவாரத்தை ஒட்டியே தோண்டியவர்கள் ஏராளம். வேளச்சேரி மாதிரிக் களிமண் பகுதியில் அந்தத் தண்ணீர் கீழே இறங்காமல் வீட்டடியிலேயே தங்கும். குழியைத் தள்ளி அமைப்பதே பாதி வைத்தியம். மீதிக்கு, வீட்டைச் சுற்றி ஜல்லி போட்ட வடிகால் வெட்டி, அதன் கடைசியில் தானாக ஓடும் சின்ன மோட்டார் வைக்கலாம். உள்பக்கப் பூச்சு மட்டும் போதாது. கீழிருந்து தள்ளும் நீர் அதைப் பெயர்த்துவிடும். தரை வேலையைப் பங்குனி வரை தள்ளிப்போடுங்கள், அதற்குள் மட்டம் நன்றாக இறங்கியிருக்கும்.