ஒரே பழம், பல கேக்கு

வேற்று மாநிலத்தில் குடியேறும் நம்மவர்க்கு முதலில் அமைபவை வேலையும் வீடும். கடைசியில் அமைவது அக்கம்பக்கத்தாரின் நட்பு. அலுவலகம் செல்வோர்க்கு அங்கே நாலு பேர் பேச்சுத்துணை உண்டு. வீட்டில் இருப்போர்க்கு அதுவும் இல்லை. திருவனந்தபுரத்தில் நாம் குடியேறிய முதல் ஆண்டில் இவ்வுண்மையை நன்கு உணர்ந்தோம். மலையாளம் தமிழுக்கு மிக நெருங்கிய மொழிதான். எனினும், மாடிப்படியில் எதிர்ப்படுவோரிடம் ஒரு புன்னகைக்கு மேல் பேச்சு வளரவில்லை. அதனை வளர்த்தது வீட்டில் சுட்ட கேக்கு என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

கேரளத்தாருக்கும் கேக்குக்கும் உள்ள உறவு பழமையானது. மாம்பள்ளி பாப்பு என்பவர் பர்மாவில் தொழில் பயின்று திரும்பி, 1880இல் தலைச்சேரியில் பிஸ்கோத்துத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். 1883இல், அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்தின் உரிமையாளரான பிரவுன் என்னும் ஆங்கிலேயர், இங்கிலாந்திலிருந்து கொணர்ந்த கிறிஸ்துமஸ் கேக்கை அவரிடம் கொடுத்து, அது போன்றதொன்றைச் செய்து தருமாறு கேட்டார். பாப்பு அதனைச் சுவைத்துப் பார்த்தே செய்முறையை ஊகித்து, அயல்நாட்டுப் பிராந்திக்குப் பதிலாக உள்ளூர் மதுவைச் சேர்த்துச் செய்து வென்றார் என்று கூறுவர். அவர் குடும்பத்தாரின் பேக்கரிகள் பின்னர்த் திருவனந்தபுரம் உள்ளிட்ட பல ஊர்களிலும் தோன்றின.

இவ்வரலாற்றில் நமக்கொரு பாடம் உண்டு. இக்கலை ஏட்டைப் பார்த்து மட்டும் வருவதன்று. பிறர் செய்ததைச் சுவைத்தும், கேட்டும், ஒப்பிட்டும் வருவது. ஆகவே, கேக்கு சுடுவோர் ஒருவரையொருவர் நாடுவது இயல்பு. நாம் செய்யவேண்டியது, அவர்கள் கூடுவதற்கு ஓர் இடமும் காரணமும் தருவதே.

ஒரு கூட்டத்தைவிட இரு கூட்டங்கள் சிறந்தவை என்பது எமது அனுபவம். முதலாவது நவம்பரில் பழம் நறுக்கும் கூட்டம். பெரிய ஓட்டல்களில் இதனை விழாவாகவே நடத்துவர். வீட்டிலோ ஆறு அல்லது எட்டுப் பேர் போதும். உலர்ந்த திராட்சை, பேரீச்சை, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், செர்ரி என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும் சிவந்த களாக்காய் ஆகியவற்றை ஆளுக்கொன்றாகக் கொண்டுவரச் சொல்லலாம். கைக்கு வேலை இருக்கும்போது வாய்க்குக் கூச்சம் இராது. மொழி அறியாதவரும் கத்தியும் பலகையுமாக அமர்ந்துவிட்டால் கூட்டத்தில் ஒருவராகிவிடுவர்.

மொழி பற்றி ஒரு சொல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், எதிர்வீட்டுச் சேச்சியிடம் அரைக் கிலோ முந்திரி கொண்டு வருமாறு வேண்டினோம். அவர் கொண்டு வந்ததோ திராட்சை! மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. நம் முந்திரிப் பருப்பை அங்கே கசுவண்டிப் பருப்பு என்பர். அன்று எழுந்த சிரிப்பு, ஓராண்டுப் புன்னகைகள் செய்யாததைச் செய்தது. அதே சேச்சி மறுவாரம் தாமே வந்து எம் கதவைத் தட்டினார்.

நறுக்கிய பழங்களை ஒன்றாகக் கலந்து, ஒவ்வொருவர்க்கும் சம பங்கு பிரித்துத் தரவேண்டும். மதுவில் ஊறவைப்பது அவரவர் விருப்பம். அவ்வாறு ஊறியது பல வாரம் கெடாது. திராட்சை ரசத்திலோ ஆரஞ்சு ரசத்திலோ ஊறவைப்போர், கேக்கு சுடுவதற்கு ஓரிரு நாள் முன்னர் ஊறவைத்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். அதுவரை பழங்கள் உலர்ந்தே இருக்கட்டும்.

இரண்டாவது கூட்டம் டிசம்பர் மூன்றாம் வாரத்தில். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் சுட்ட கேக்குடன் வருவர். பழம் ஒன்றே, கேக்கு மட்டும் எட்டு வகை! ஒன்று கருமை, ஒன்று செம்மை. ஒன்று பொலபொலவென உதிரும், ஒன்று கனத்திருக்கும். காரணங்களை ஆராய்வதே அன்றைய இன்பம். கேரளக் கேக்கின் கருநிறம் கருக்கிய சர்க்கரையால் வருவது. சற்று அதிகமாகக் கருக்கினால் கசக்கும். அப்பாகில் குளிர்ந்த நீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். வெந்நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தல் நலம். கடற்கரை நகரின் வெப்பத்தில் வெண்ணெய் விரைவில் இளகிவிடுவதால், குழைக்கும்போது காற்றைப் பிடித்து வைக்காது. சற்றே குளிர்ந்த வெண்ணெய் வேண்டும். அனல் மிகுந்தால் மேற்புறம் முந்தி இறுகிப் பின் வெடிக்கும். பழக் கேக்குக்கு 150 முதல் 160 பாகை வரை போதும்.

எமது முதல் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு பிழையும் நேர்ந்தது. கரமனை அக்கிரகாரத்திலிருந்து வந்த ஒரு மாமி முட்டை உண்ணாதவர். மேசையில் இருந்த யாவும் முட்டை சேர்ந்தவை. அவர் முகமலர்ச்சியோடு அமர்ந்திருந்து, தேநீர் மட்டும் அருந்திச் சென்றார். விருந்தினர் ஒருவர் வெறும் தட்டோடு இருந்தது எம் மனத்தை நெடுநாள் உறுத்திற்று. மறு ஆண்டு, தயிரும் சோடா உப்பும் சேர்த்து, முட்டையில்லாக் கேக்கு ஒன்றை நாமே செய்துவைத்தோம். தயிரின் புளிப்பு சோடா உப்போடு கூடி வாயுவை எழுப்பி மாவை உப்பச் செய்கிறது. மாமி உண்டு பார்த்து, இரண்டாம் துண்டும் கேட்டார். அன்றுமுதல் ஒவ்வொரு கேக்கின் அருகிலும் முட்டை, மது, பருப்பு வகைகள் உண்டா இல்லையா என்று எழுதிய சீட்டை வைப்பது எம் வழக்கமாயிற்று.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கூடி உண்பதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. ஆயின், விற்கத் தொடங்குவோர் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளல் வேண்டும்.

கேக்கு கிடைக்காதா என்று கவலைப்பட வேண்டாம். நீங்கள் வாழும் ஊரில் கூடிச் செய்வது முறுக்காக இருக்கலாம், வடகமாக இருக்கலாம். நறுக்கவும் பிசையவும் பலகையை விரித்து, எதிர்வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஏதேனும் ஒரு பொருளின் பெயரைத் தவறாகச் சொன்னாலும் குற்றமில்லை.