ஊரைப் படமாகச் சேமித்தவர்!



உங்கள் வீட்டு ஆல்பத்தில் என்னென்ன படங்கள் இருக்கின்றன? காதுகுத்து, கல்யாணம், பிறந்தநாள், பழனிக்குப் போனபோது எடுத்தது... சரி, நீங்கள் தினமும் பள்ளிக்கு நடந்து போகிற தெருவின் படம் ஒன்றாவது இருக்கிறதா?

"தினமும் பார்க்கிற தெருவை யாராவது படம் எடுப்பார்களா?" என்றுதானே கேட்கிறீர்கள்! எடுத்தார் ஒருவர். சுமார் முப்பது ஆண்டுகள் அதையே தொழிலாகச் செய்தார். அவரைப் பற்றித்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறோம். அதற்கு முன், ஒரு வேடிக்கையான படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

காணாமல் போன கூட்டம்

1838ஆம் ஆண்டு. பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிஸில், டாகுவேர் என்பவர் மாடி ஜன்னலில் இருந்து ஒரு தெருவைப் படம் பிடித்தார். குதிரை வண்டிகளும் மனிதர்களும் நிறைந்த தெரு அது. ஆனால், படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது! கூட்டம் எங்கே போயிற்று?

அந்தக் காலத்தில் ஒரு படம் பதிவாகப் பல நிமிடங்கள் ஆகும். நடந்து போனவர்கள் அதற்குள் நகர்ந்துவிட்டதால் அவர்கள் உருவம் பதியவே இல்லை. ஒரே ஒருவர் மட்டும் பாலிஷ் போடுவதற்காகக் காலை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார். அவரும், பாலிஷ் போட்டவரும் மட்டும் படத்தில் விழுந்தார்கள். மனிதர்கள் தெரிகிற மிகப் பழைய புகைப்படங்களில் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது. தங்களைப் படம் எடுக்கிறார்கள் என்றே அந்த இருவருக்கும் தெரிந்திருக்காது!

பெட்டி சுமந்த மனிதர்

நம் கதாநாயகரும் அதே பாரிஸில் வாழ்ந்தவர்தான். பெயர் யூஜின் அட்ஜே. 1857ல் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். கப்பலில் வேலை பார்த்தார், நாடகத்தில் நடித்தார். எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் காமிராவைக் கையில் எடுத்தார்.

அப்போது பாரிஸ் மாறிக்கொண்டிருந்தது. குறுகிய சந்துகளையும் பழைய வீடுகளையும் இடித்துவிட்டு, அகலமான சாலைகள் போட்டார்கள். பழைய கடைகள் மூடப்பட்டு, புதிய பெரிய கடைகள் வந்தன. மிச்சமிருந்த பழைய பாரிஸை அட்ஜே படம் பிடிக்கத் தொடங்கினார்.

அவருடைய காமிரா சட்டைப் பையில் போடுகிற காமிரா அல்ல. பெரிய மரப்பெட்டி! அதற்கு மூன்று கால்களுள்ள தாங்கி. படம் பதிவது பிலிமில் அல்ல, 18க்கு 24 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகட்டில். இத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு, அதிகாலையிலேயே கிளம்பிவிடுவார்.

எதையெல்லாம் எடுத்தார் தெரியுமா? கடை வாசல், மாடிப்படி, கதவின் கைப்பிடி, பெயர்ப்பலகை, தெருமுனைக் குழாய்! தெருவில் தொழில் செய்தவர்களையும் எடுத்தார். குடை விற்பவர், விளக்குக்கு மூடி விற்பவர், இசைப்பெட்டி வாசிப்பவர், பழந்துணி பொறுக்குபவர் எல்லாரும் அவர் படங்களில் இருக்கிறார்கள்.

இன்னொரு நல்ல பழக்கமும் அவருக்கு இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் வரிசை எண் கொடுப்பார். படத்தின் பின்புறம் அது எந்த இடம் என்று பென்சிலால் எழுதி வைப்பார். இப்படிச் சேர்ந்த படங்கள் ஆயிரக்கணக்கில்! ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் அவற்றை விற்றுத்தான் பிழைத்தார். 1926ல் ஒரு பத்திரிகை அவருடைய படங்களை வெளியிட்டபோது, தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம்!

படங்களைக் காப்பாற்றிய பெண்

1927ல் பெரனிஸ் ஆபட் என்ற அமெரிக்க இளம்பெண் அட்ஜேயைப் படம் எடுத்தார். அந்தப் படத்தை அவரிடம் காட்டலாம் என்று போனபோது, அட்ஜே இறந்துவிட்டிருந்தார்.

அவர் சேர்த்து வைத்த படங்களின் கதி என்ன? பெரனிஸ் சும்மா இருக்கவில்லை. 1928ல், அட்ஜே வீட்டில் மிச்சமிருந்த கண்ணாடித் தகடுகளில் ஆயிரத்துக்கும் மேலானவற்றையும், ஆயிரக்கணக்கான படங்களையும் விலைக்கு வாங்கிப் பத்திரப்படுத்தினார். 1968ல் அவை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. இன்று உலகமே அவற்றைப் பார்க்கிறது.

1929ல் நியூயார்க் திரும்பிய பெரனிஸ், எட்டு ஆண்டுகளில் நகரம் அடையாளமே தெரியாமல் மாறியிருப்பதைக் கண்டார். பழைய வீடுகள் இருந்த இடத்தில் வானுயரக் கட்டடங்கள்! உடனே அவரும் காமிராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அவர் எடுத்த படங்கள் 1939ல் 'மாறும் நியூயார்க்' என்ற பெயரில் புத்தகமாக வந்தன.

நம் நாட்டிலும் உண்டு!

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகில் மூர் மார்க்கெட் என்ற பெரிய அங்காடி இருந்தது. 1900ல் திறக்கப்பட்டது. பழைய புத்தகம், பொம்மை, கிளி, புறா என்று அங்கே கிடைக்காத பொருளே இல்லை என்பார்கள். 1985ல் தீ விபத்தில் அது எரிந்துபோனது. இப்போது அந்த இடத்தில் புறநகர் ரயில்களுக்கான நிலையக் கட்டடம் நிற்கிறது. மூர் மார்க்கெட் எப்படி இருந்தது என்று இன்று உங்களைப் போன்ற பிள்ளைகள் தெரிந்துகொள்ள, யாரோ அன்று எடுத்து வைத்த படங்கள்தான் உதவுகின்றன.

மூலனூர் கடைவீதியில்...

பாரிஸும் சென்னையும் பெரிய நகரங்கள். நம்மைப் போன்ற சிறிய ஊரில் படம் எடுக்க என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். தாராபுரம்-கரூர் சாலையில் இருக்கும் மூலனூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏலத்துக்கு வரும் பருத்தி மூட்டைகள், கட்டுக்கட்டாக முருங்கைக்காய், காலையில் ஆட்களை ஏற்றிப்போகும் பனியன் கம்பெனி வேன்கள்... இவை எல்லாமே படங்கள்தான்!

கடைப் பலகைகளைக் கவனியுங்கள். பெயின்டர் கையால் எழுதிய பலகைகள் போய், பிளக்ஸ் பலகைகள் வந்துவிட்டன. எஸ்.டி.டி. பூத்துகள் மறைந்துவிட்டன. அம்மி கொத்துபவரும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரும் அபூர்வமாகத்தான் வருகிறார்கள்.

பழைய பலகை ஒன்று கிடைத்தால் நீங்கள் துப்பறியவும் செய்யலாம்! மூலனூர் முதலில் கோவை மாவட்டத்தில் இருந்தது. 1979ல் பெரியார் மாவட்டம் உருவானது. பிறகு அதன் பெயர் ஈரோடு மாவட்டம் என்று மாறியது. 2009ல் திருப்பூர் மாவட்டம் பிறந்தது. ஒரு பழைய படத்தில் கடைப் பலகையில் 'ஈரோடு மாவட்டம்' என்று இருந்தால், அந்தப் பலகை எந்தக் காலத்தில் எழுதப்பட்டது? நீங்களே சொல்லுங்கள், பார்ப்போம்!

நீங்களும் செய்யலாம்

1. அப்பா அல்லது அம்மாவிடம் கேட்டு, அவர்களுடைய செல்போனை வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் உடன் வரட்டும். ஓரமாக நின்று எடுங்கள். சாலை நடுவே நிற்காதீர்கள்.

2. ஒரே இடத்தில் நின்று, மாதம் ஒருமுறை ஒரு படம் எடுங்கள். ஒரு வருடத்தில் பன்னிரண்டு படங்கள் சேரும். என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. ஆட்களைப் படம் எடுப்பதற்கு முன், "அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாங்களா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அழுகிறவர்களையும், குளிக்கிறவர்களையும், பிறர் வீட்டுக்குள்ளேயும் ஒருபோதும் எடுக்கக் கூடாது.

4. தேதி, இடம், படத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். இதுதான் முக்கியம்! எந்த ஊர், எந்த வருடம் என்று தெரியாவிட்டால், ஐம்பது வருடம் கழித்து அந்தப் படத்தால் பாதிப் பயன்தான்.

5. செல்போன் தொலைந்தால் படமும் போய்விடும். கம்ப்யூட்டரிலும் சேமியுங்கள். நல்ல படங்களைப் பிரிண்ட் போட்டு, பின்புறம் பென்சிலால் விவரம் எழுதி வையுங்கள், அட்ஜே செய்தது போல!

பாரிஸுக்கு ஓர் அட்ஜே இருந்தார். நியூயார்க்குக்குப் பெரனிஸ் இருந்தார். உங்கள் தெருவுக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். முனையில் இருக்கும் டீக்கடை அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? இந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் படத்தை எடுத்துவிடலாமே. என்ன, கிளம்பலாமா?