பந்தயக் காரும் கிளட்சும்

தேக்காவில் வாழ்வோர்க்கு ரேஸ் கோர்ஸ் ரோடு என்னும் பெயர் நன்கு பழகிய ஒன்று. மீன்தலைக் கறிக்குப் பெயர்பெற்ற அச்சாலைக்கு அப்பெயர் வந்ததன் காரணத்தைச் சிறுவர் பலர் அறியார். அதனை அடுத்துள்ள பேரர் பார்க் திடலில் 1843ஆம் ஆண்டு தொடங்கிக் குதிரைப் பந்தயம் நடைபெற்று வந்தது. 1933இல் அது புக்கிட் தீமாவுக்கு மாறிற்று. கார்ப் பந்தயம் காண விரும்பியோர் இன்னும் வடக்கே செல்ல வேண்டியிருந்தது. அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை, பொதுச் சாலையையே அடைத்துவிட்டுப் பெரும் பந்தயம் நடத்தினர். ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் ‘பாம்புகள்’ என்றும் ‘சாத்தானின் வளைவு’ என்றும் ஆங்கிலத்தில் பெயர் சூட்டப்பெற்ற திருப்பங்கள் இருந்தன. அச்சாலையின் ஒரு பகுதி இன்றும் மரநிழலில் அமைதியாகக் கிடக்கின்றது. குரங்குகளே அங்கு மிகுதி.

அத்திருப்பங்களை நெருங்கும்போது ஓட்டுநர் வேகத்தைத் தணித்துக் கீழ்க் கியருக்கு வரவேண்டும். திருப்பம் கடந்ததும் மேல் கியருக்கு ஏறவேண்டும். ஒவ்வொரு மாற்றத்திற்கும் இடக்கால் ஒரு முறை கிளட்ச் மிதியை அழுத்தி விடவேண்டும். இம்மாற்றம் குலுங்காமல் நிகழ்வதற்கு வல்லுநர்கள் கிளட்சில் என்னென்ன திருத்தங்கள் செய்கின்றனர், அவற்றால் வரும் நன்மை எது, கேடு எது என்பவற்றை இங்குக் காண்போம்.

முதலில் கிளட்ச் என்பது யாது? இஞ்சினின் பின்முனையில் ‘பிளைவீல்’ எனப்படும் கனத்த எஃகு அல்லது வார்ப்பிரும்புச் சக்கரம் ஒன்று இடைவிடாது சுழல்கின்றது. அதன் எதிரே, கியர்ப் பெட்டியின் தண்டில், இருபுறமும் உராய்வுப் பட்டை ஒட்டிய மெல்லிய வட்டத் தட்டு ஒன்று பொருந்தியுள்ளது. சாதாரணக் கார்களில் அதன் அகலம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். அத்தட்டினைப் பின்னிருந்து வலிய வில் ஒன்று பிளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கின்றது. மிதியை அழுத்தினால் வில்லின் பிடி தளரும்; தட்டு விடுபடும்; இஞ்சின் தனியே சுழலும். மிதியை விட்டால் தட்டு மீண்டும் உராய்ந்து, சிறிது வழுக்கி, பின்னர் இறுகப் பற்றிக்கொள்ளும்.

விளையாட்டுத் திடலில் சுழலும் ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள், மாணவச் செல்வங்களே. நின்ற இடத்திலிருந்தே அதன் கம்பியைப் பற்றினால் கை வெடுக்கென இழுக்கப்படும். கீழே விழவும் நேரும். அதனுடன் சேர்ந்து சற்று ஓடி, அதன் வேகமும் நம் வேகமும் ஒன்றானபின் பற்றினால் இன்னலின்றி ஏறிவிடலாம். கியர் மாற்றத்தின் மருமமும் இதுவேயாகும். இரண்டு பொருள்களின் வேகம் ஒன்றாகும் வரையில் குலுக்கல் நீங்காது. கிளட்ச் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் இவ்விதி மாறாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டாம் கியரில், சக்கரங்களுக்குச் செல்லும் தண்டு ஒரு முறை சுழல இஞ்சின் 2 முறை சுழலவேண்டும் எனவும், மூன்றாம் கியரில் 1.4 முறை சுழலவேண்டும் எனவும் வைத்துக்கொள்வோம். இரண்டாம் கியரில் இஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்று சுழலும்போது தண்டு 3,000 சுற்று சுழலும். மூன்றாம் கியருக்கு மாறியதும் கார் அதே வேகத்தில்தான் ஓடுகின்றது. ஆகவே இஞ்சின் 3,000ஐ 1.4ஆல் பெருக்கிவரும் 4,200 சுற்றில் சுழலவேண்டும். இடக்கால் மிதியில் இருக்கும் அந்தச் சிறு பொழுதில் இஞ்சின் 1,800 சுற்றுக் குறையவேண்டும் என்பது இதன் பொருள். குறைவதற்கு முன் மிதியை விட்டால் கார் முன்னே உதைத்துக்கொண்டு பாயும். குறையும்வரை காத்திருந்தால் பின்னால் வருபவர் முந்திவிடுவார்.

இங்கேதான் முதல் திருத்தம் வருகின்றது. கனத்த பிளைவீல் தன் சுழற்சியை எளிதில் விடாது. ஆதலால் பந்தயக்காரர்கள் இலேசான பிளைவீலைப் பொருத்துகின்றனர். எடையை எங்கே குறைக்கின்றோம் என்பதும் முக்கியம். மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள 100 கிராம், 6 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள 100 கிராமைப் போல் நான்கு மடங்கு சுழற்சியை எதிர்க்கும். ராட்டினத்தின் விளிம்பில் நிற்கும் நண்பர்கள் நடுவிற்கு வந்துவிட்டால் அதனை நிறுத்துவதும் சுழற்றுவதும் எளிதாவதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எனவே விளிம்பில் குறைக்கும் எடைக்கே மதிப்பு மிகுதி.

ஆனால் இத்திருத்தத்தில் உயிருக்கே உலை வைக்கக்கூடிய ஓர் ஆபத்து உண்டு. சிக்கனம் கருதிச் சிலர், காரோடு வந்த வார்ப்பிரும்புப் பிளைவீலையே லேத்தில் கடைந்து மெலியச் செய்வர். 28 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளைவீல் நிமிடத்திற்கு 7,000 சுற்று சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றது. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசையை அவ்வளவாகத் தாங்காது. மெலிந்த இடத்தில் விரிசல் விழுந்தால் அது வெடித்துச் சிதறும்; துண்டுகள் ஓட்டுநரின் கால்மாட்டிலேயே துளைத்துக்கொண்டு வரக்கூடும். இதற்காகவே பந்தயக் கார்கள் பலவற்றில் கிளட்சைச் சுற்றி எஃகுக் கவசம் அமைக்கின்றனர்; பிளைவீலையும் அடித்து உருவாக்கிய எஃகில் செய்கின்றனர். இவ்விடத்தில் சிக்கனம் பார்ப்பவர் பட்டறைக்கே போகாதிருத்தல் நன்று.

இரண்டாவது திருத்தம் பிடிப்பைப் பற்றியது. கிளட்சின் பிடிப்பு நான்கினைப் பொறுத்தது: பட்டையின் உராய்வுத் தன்மை, வில்லின் அழுத்தம், தட்டின் ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. வில்லை வலிதாக்கினால் பிடிப்பு மிகும். ஆனால் மிதியும் கனத்துவிடும், முழங்கால் வலிக்கும். தட்டைப் பெரிதாக்கினால் அதன் சுழற்சி எதிர்ப்பும் பெருகும். கியர் மாறுவது கடினமாகும். எனவே அறிஞர்கள் நான்காவது வழியை நாடினர். ஒரு தட்டுக்கு இரண்டு முகங்கள். இரு தட்டுகளுக்கு நான்கு. தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வொன்றையும் சிறிதாக்கிவிடலாம். பார்முலா ஒன் கார்களின் கிளட்ச் 10 சென்டிமீட்டர் அளவே அகலமுள்ளது. ஆயினும் பல கரித் தட்டுகள் அடுக்கிய அக்கிளட்ச் பல நூறு குதிரைத்திறனைத் தாங்கி நிற்கின்றது. இதனை வகுத்தவரின் நுண்ணறிவை நான் பெரிதும் வியக்கின்றேன்.

பட்டையின் பொருளைப் பற்றியும் ஒரு சொல். முற்காலத்தில் கல்நார் கலந்த பட்டைகளே வழங்கின. அவற்றின் தூசு நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சு எனத் தெளிவானபின் பல நாடுகள் அவற்றைக் கைவிட்டன. பழங்காலக் காரின் கிளட்சைப் பிரிப்பவர் இன்றும் அத்தூசை வாயால் ஊதியோ காற்றுக் குழாயால் அடித்தோ பறக்கவிடலாகாது. பந்தயத்திற்கென மட்கலமும் உலோகமும் கலந்த பட்டைகள் உள்ளன. அவை வெப்பத்தைத் தாங்கும். ஆயின் வழுக்கியிணையும் பொறுமை அவற்றிற்கு இல்லை. தொட்டவுடன் பற்றிவிடும். தட்டின் நடுவே குலுக்கலை விழுங்குவதற்கென வைத்துள்ள சிறு சுருள்வில்களையும் பந்தயத் தட்டுகள் சிலவற்றில் நீக்கிவிடுகின்றனர்.

அப்படிப்பட்ட கிளட்சோடு ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைக்கு வந்தால் என்னாகும்? பத்தடி நகர்ந்து நிற்கவேண்டும், மீண்டும் பத்தடி. இலேசான பிளைவீலில் சேமித்த சுழற்சி போதாமையால் இஞ்சின் அணைந்துபோகும். அணையாவிடில் கார் தவளைபோலத் துள்ளும். கியர் ஏற ஏற இன்பம் தந்த அதே திருத்தம், தீபாவளிக் காலக் கூட்டத்தில் தண்டனையாகிவிடும். ஆகவே தெருவில் ஓடும் காருக்கு மிதமான திருத்தமே ஏற்றது. இன்னொன்று: சிங்கப்பூரில் காரின் உறுப்புகளை மாற்றுவதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் உண்டு. பட்டறைக்குச் செல்லுமுன் அவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

செலவு குறைந்த திருத்தங்களே முதலில் செய்யத்தக்கவை என்பது என் கருத்து. மிதிக்கும் கிளட்சுக்கும் இடையே குழாயில் உள்ள எண்ணெய் நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றிலோ ஈரத்திற்குக் குறைவில்லை. அதனை மாற்றி, உள்ளே புகுந்த காற்றுக் குமிழிகளை வெளியேற்றினாலே பல கார்களில் மிதி சீராகிவிடும். பி.எம்.டபிள்யூ கார்கள் சிலவற்றில் அக்குழாயினுள் சிறு துளையுள்ள தடுப்பு ஒன்றை வைத்துள்ளனர். ஓட்டுநர் மிதியைச் சட்டென விட்டாலும் கிளட்ச் மெல்லவே பற்றவேண்டும், பற்சக்கரங்களுக்குத் தீங்கு நேரக்கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் தேர்ந்த ஓட்டுநருக்கு அது இடையூறு. கால் சொல்வது ஒன்று, கிளட்ச் செய்வது வேறொன்று. அதனை நீக்கியபின் கியர் மாற்றம் இணங்கி வந்ததாகப் பலர் கூறுவர். காப்புக்கு வைத்த ஒன்றினை நீக்குகின்றோம் என்பதை மட்டும் அவர்கள் மறத்தலாகாது.

கியர்ப் பெட்டிக்குள் வேகத்தை ஒன்றாக்கும் வேலையைச் செய்ய, கூம்பு வடிவ உராய்வு வளையங்களை அமைக்கும் முறையை 1928இல் கேடிலாக் நிறுவனம் கார்களில் புகுத்தியது. அதற்கு முன்னைய வண்டிகளில் கிளட்சை இருமுறை மிதித்து, இடையே முடுக்கியைத் தட்டி, ஓட்டுநரே வேகத்தை ஒப்பாக்கினார். பந்தயக்காரர்கள் கீழ்க் கியருக்கு வரும்போது வலக்காலின் நுனியால் தடையையும் பக்கத்தால் முடுக்கியையும் ஒருங்கே மிதிப்பது அப்பழைய கலையின் எச்சமே.

இக்கலையைத் தமிழ்நாட்டில் இளைஞர் பலர் கற்பதற்கு வழி செய்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். எளிய மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் இஞ்சினைக் கொண்டு, ஒருவர் மட்டும் அமரும் பார்முலா மாருதி என்னும் பந்தயக் காரை அவர் அமைத்தார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோயம்புத்தூரையடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் திடல் அவர் பெயரையே தாங்கியுள்ளது. பார்முலா மாருதியில் தொடங்கிய கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் குழுவில் சேர்ந்து, பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்; 2012இல் நம் மரினா பே சாலைகளிலும் ஓட்டினார்.

2008 முதல் மரினா பேயில் இரவில் நடைபெறும் அப்பந்தயத்தில் கிளட்சுக்கு மிதியே இல்லை. 1989இல் பெராரி குழு, திசைச் சக்கரத்தின் பின்னுள்ள நெம்பியை விரலால் இழுத்துக் கியர் மாற்றும் முறையைக் கொண்டுவந்தது. நாளடைவில் மற்றவரும் அதனைப் பின்பற்றினர். கிளட்சும் விரல்களுக்கு மாறிவிட்டது. ஐந்து சிவப்பு விளக்குகளும் அணைந்த நொடியில் ஓட்டுநர் அந்நெம்பியை அளந்து விடுகின்றார். மிகுதியாக விட்டால் சக்கரம் வழுக்கும், குறைவாக விட்டால் தட்டு வெந்துபோகும். அதன்பின், டயர் மாற்ற நிற்கும் வேளை தவிர, பந்தயம் முடியும்வரை அவர் அதனைத் தொடவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.