பவளத்தைப் பெயர் சொல்லி அழைக்க

உளுந்தூர்பேட்டைக்காரிக்குக் கடலடியில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம், விருத்தாசலம் தாண்டி அரியலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள் என்பேன். சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் அந்தப் பூமி ஒரு காலத்தில் கடல். கள்ளக்குடிச் சுரங்கத்துக் கல்லில் பவளமும் பாசியும் சேர்ந்து கட்டிய பழைய திட்டு ஒன்று இருக்கிறது. அதன் வயது 10 கோடி ஆண்டுகளுக்கும் மேல். இந்த வட்டாரத்துப் பவளப் புதைபடிவங்களை வகைப்படுத்தி 1873இல் வெளியிட்டவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த செக் நாட்டுக்காரர். அவருக்குக் கிடைத்தது கல் மட்டும். பவள ஆய்வுக்காக மன்னார் வளைகுடாவில் இறங்கும் எங்களுக்கு உயிருள்ள பவளமும் கிடைக்கிறது, அதன் எலும்பும் கிடைக்கிறது. இரண்டையும் பார்க்காமல் பெயர் சொல்லக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் நான் கற்ற முதல் பாடம்.

பவளத்தைச் செடி என்றும் கல் என்றும் நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது விலங்கு. பாலிப் என்ற மெல்லிய உடல் கொண்ட சிற்றுயிர், தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பைச் சுரந்து கிண்ணம்போல ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான கூடுகள் சேர்ந்ததுதான் நாம் பார்க்கும் பவளம். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுக்கிறது. நிறத்தில் பெரும்பகுதியும் அந்தப் பாசி தருவதே.

தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவில் தொடங்கிப் பாம்பன் பக்கம் சிங்கில் தீவு வரை 21 தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. தீவுகளைச் சுற்றிப் பெரும்பாலும் ஆழம் குறைந்த திட்டுகள்தான். அதனால் இங்கே ஆழத்தைவிடக் கலங்கல்தான் பெரிய தொந்தரவு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடித்தால் தென்கடல் சேறாகிவிடும். நீட்டிய கை தெரியாது. காற்று ஓயும் மாதங்களுக்காகக் காத்திருக்க வேண்டும்.

தெளிந்த நாளில் இருவர் இருவராக இறங்குவோம். திட்டின் மேல் அளவு நாடாவை விரித்து, அதன் கீழே வரும் பவளம் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதிக்கொண்டே போக வேண்டும். பென்சில் தண்ணீருக்குள்ளும் நன்றாக எழுதும். சந்தேகமான பவளம் வந்தால் நிற்போம். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து முழு வடிவத்தையும் படமெடுத்து, பிறகு நெருங்கிக் கூடுகளை எடுப்போம். நிறம், ஆழம், நீரோட்டம் படுகிறதா, நிழலில் இருக்கிறதா எல்லாம் குறிப்பில் ஏறும். அதற்குப் பிறகுதான் உளியும் சுத்தியலும். ஓரத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு துண்டு, எண் எழுதிய பையில்.

"கல்லெடுத்தா ஜெயிலுன்னு எங்களுக்குச் சொன்னாங்க. நீங்க மட்டும் எடுக்கலாமாம்மா?" என்று மண்டபத்தில் ஒரு படகோட்டி அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் இந்தக் கடலில் பல தலைமுறை பவளம் வெட்டியிருக்கிறார்கள். தனுஷ்கோடித் தேவாலயத்தின் இடிந்த சுவரில் இன்றும் அந்தக் கற்களைப் பார்க்கலாம். வெட்டு மிஞ்சிப் போய், அந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கின. 2001இல் திட்டு கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன; புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஆய்வாளரும் ஒரு துண்டைத் தொட முடியாது. அனுமதிக் கடிதத்தையும் பையிலிருந்த துண்டையும் அண்ணனிடம் காட்டினேன். "இத்துனூண்டுதானா?" என்றார். படத்திலேயே அடையாளம் தெரியும் பவளத்தில் அந்த இத்துனூண்டும் எடுப்பதில்லை.

கரைக்கு வந்ததும் துண்டைப் பிளீச்சிங் கரைசலில் ஊறப்போட்டால் சதை கரைந்து வெள்ளை எலும்பு நிற்கும். கழுவிக் காயவைத்து நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறோம். உருண்டைப் பவளங்களில் நான் முதலில் பார்ப்பது சுவரை. பொதுச்சுவர் வைத்துக் கட்டிய தொகுப்பு வீடுகள்போலக் கூடுகள் ஒட்டியிருந்தால் ஃபேவைட்டிஸ். கூட்டுக்குக் கூடு தனிச்சுவரும் நடுவே சந்தும் இருந்தால் டிப்சாஸ்ட்ரியா. போரைட்டிஸ் இன்னும் சோதிக்கும். அதன் கூடு பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. அதற்குள் 12 தகடுகள். ஒரு பக்கத்து மூன்று தகடுகள் நுனியில் ஒட்டியிருக்கின்றனவா, விலகி நிற்கின்றனவா என்பதில் இனமே மாறிவிடும். கடலில் பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பு உருண்டைதான்.

அப்படியானால் எலும்பு மட்டும் போதாதா? போதாது. ஒரே இனம் அலை மோதும் இடத்தில் கட்டையாகவும், அமைதியான இடத்தில் மெலிந்து கிளைத்தும், வெளிச்சம் குறைந்த இடத்தில் தட்டையாகவும் வளரும். கரை ஒதுங்கிய துண்டுகளை அருங்காட்சியகத்தில் வைத்துப் பார்த்த பழைய அறிஞர்கள், ஒரே பவளத்தின் மூன்று வடிவத்துக்கு மூன்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் சார்லி வெரான் 1970களில் கிரேட் பாரியர் ரீஃபில் மூழ்கி மூழ்கி, ஒரு வடிவம் இன்னொன்றாக மாறிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்த்து அந்தக் குழப்பத்தில் பெரும்பகுதியைத் தீர்த்தார். இப்போது மரபணுவும் வந்துவிட்டது. நம் கடலில் ஃபேவியா என்று அழைக்கப்பட்ட பவளங்கள் அட்லாண்டிக் ஃபேவியாவுக்கு நெருங்கிய உறவே இல்லை என்று தெரிந்து, 2012இல் அவை டிப்சாஸ்ட்ரியா ஆயின. பழைய குறிப்பேடுகளைப் புரட்டும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் மண்டபத்தின் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சி.எஸ். கோபிநாத பிள்ளை. உலகப் பவளத்திட்டு மாநாடுகளில் முதலாவது 1969இல் நடந்ததும் அதே மண்டபம் முகாமில்தான்; இதைத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் போட வேண்டும் என்பது என் ஆசை. பிள்ளையின் பட்டியலில் மன்னார் வளைகுடாவுக்கு 94 இனங்கள். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் நீருக்குள் இறங்கி எடுத்த கணக்கில் அது 117 ஆயிற்று.

இந்தப் பட்டியல் எதற்கு என்பதை 2010, 2016 கோடைகள் காட்டின. கடல் சூடேறியதும் பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளுத்தது. அடி அதிகம் விழுந்தது அக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோரா ஆகிய பவள வகைகளுக்கு. உருண்டைப் போரைட்டிஸ்கள் பலவும் தாங்கி நின்றன. 'பவளம் செத்தது' என்று மொத்தமாக எழுதியிருந்தால் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரிந்திருக்காது. எதை முதலில் மீட்டு நடுவது என்றும் முடிவெடுக்க முடியாது.

துண்டுகள் எண்ணோடும் தீவின் பெயரோடும் பெட்டிகளில் இருக்கின்றன. என் பெயரிடல் தவறென்றால் நாளை வருபவர் எடுத்துத் திருத்தலாம். கச்சான் ஓய்ந்ததும் காரைச்சல்லித் தீவுக்குப் போக மனு எழுதியிருக்கிறேன். இந்த முறை போரைட்டிஸ் மட்டும்.