59 நாள் திறந்து கிடந்த ஓட்டை

2017 மே 12. வான்னாக்ரை என்ற கணினிப் புழு உலகெங்கும் பரவியபோது, பென்னலூருக்குத் தெற்கே ஒரகடத்திலுள்ள ரெனால்ட்-நிசான் கார் ஆலையும் அடிபட்டது.

எப்படி நுழைந்தது? கோப்புகளைப் பகிர விண்டோஸ் சர்வர் 445ஆம் எண் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும். அங்கே வரும் ஒருவகைப் பட்டியலின் நீளம் 32 பிட்டில் இருக்கும். அதைக் குறைத்து எழுதவேண்டிய நிரல், கீழ் 16 பிட்டை மட்டும் மாற்றிவிட்டு மேல் பாதியை அப்படியே விட்டது. குறையவேண்டிய எண் கூடிப்போனது. ஒரு படி பிடிக்கும் பாத்திரத்தில் மரக்கால் நெல்லைக் கொட்டினால்? வழிந்தது பக்கத்து நினைவகத்தில் விழும். அதில் ஒளிந்திருக்கும் கட்டளை, கடவுச்சொல்லே கேட்காமல் ஓடும்.

இத்தனைக்கும் மைக்ரோசாஃப்ட் 59 நாளுக்கு முன்பே, மார்ச் 14இல், திருத்தம் தந்திருந்தது. பிறகு ஏன் பல இடங்களில் போடவில்லை? சோம்பல் என்பது சுலபமான பதில். ஆலைக் கணினி வீட்டு லேப்டாப் அல்ல; ரீஸ்டார்ட் செய்தால் லைன் நிற்கும். பழைய இயந்திர மென்பொருள் புதுத் திருத்தத்தோடு ஒத்துப்போகுமா என்று இயந்திரம் விற்றவரைக் கேட்கவேண்டும். ஆகவே ஷிஃப்ட் இல்லாத நாளுக்காகக் காத்திருப்பார்கள். அதுவரை ஃபயர்வாலில் 445ஐ அடைத்து, ஆலை நெட்வொர்க்கை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைப்பார்கள், விவரம் தெரிந்தவர்கள்.